வாசலில் இருந்த செருப்பு

9 ஜூலை 2024, செவ்வாய்

பதினான்கு வீடு முடித்தேன். பிரஷர் பார்க்கும் பட்டையில் ஒட்டுகிற இடம் தேய்ந்துபோய், ஒவ்வொருவர் கையிலும் டர்ரென்று பிரிந்துகொள்கிறது. புதுசு கேட்டு மூன்று வாரம் ஆகிறது. ஹெல்த் சென்டர் பிலோமினா சிஸ்டர் "வரும், வரும்" என்கிறார். மழையும்தான் வரும்.

ரங்கம்மாள் பெரியம்மாவுக்குச் சர்க்கரை 280. கேட்டால், "பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி, லட்டு குடுத்தாங்க. வாணாம்னா மூஞ்சத் தூக்கிக்குவாங்க" என்கிறது. வழக்கம்போல என் கால் பேச்சை ஆரம்பித்தேன். தினமும் அரைமணி நட. செருப்பு போட்டுக்கொண்டு நட. வீட்டுக்குள்ளேயும் செருப்பு. சாயங்காலம் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும், முள் குத்தினால்கூடத் தெரியாது... நான் முடிப்பதற்குள் பெரியம்மாவே மீதியைச் சொல்லி முடித்துவிட்டது. குப்பத்தில் எனக்குக் கால்காரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். என் பொறுப்பில் நாற்பத்தாறு சர்க்கரைக்காரர்கள். மூன்று வருஷத்தில் ஒருத்தர் காலும் போகவில்லை. சொந்த டைரியில்கூடப் பெருமைப்படக் கூடாதா என்ன?

கிளம்பும்போது பெரியம்மா வாசல் வரைக்கும் வந்து கேட்டது: "ஊருக்கெல்லாம் சொல்றியே, உன் புருசன் நடக்கறானாடி?"

"எங்க வூட்ல ஒன்னு கெடக்குது பெரிம்மா. அது இந்த ஜென்மத்துல மாறாது" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

10 ஜூலை, புதன்

சாப்பிட்டுக் கை கழுவிய என் வீட்டுக்காரரின் விரலைப் பிடித்து வலுக்கட்டாயமாகக் குத்தினேன். 312.

"எங்க நைனாவுக்கு நானூறு இருந்துச்சு" என்கிறார் இவர், ஏதோ நைனா படகு வாங்கிக் கொடுத்த மாதிரி. அந்த நைனா, என் மாமனார், கடைசி நாலு வருஷம் ஒற்றைக் காலோடு கிடந்துதான் போனார். அதைச் சொன்னேன். "எங்க வம்சத்து உடம்பே அப்படி லோகா. இன்னா பண்ணச் சொல்றே?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சபரிமலைக்கு ஒன்பது தரம் மாலை போட்டவர். மலை இறங்கி வந்த அன்றைக்கே படகு மறைவில் பாட்டில். மகள் திவ்யா தலையில் அடித்துச் சத்தியம் செய்ததும் உண்டு. பீடியை விட்டது எத்தனை தரம் என்று பீடிக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்து பார்த்தாயிற்று. மனுஷன் மாறுவான் என்பதெல்லாம் சிஸ்டர் கொடுக்கிற நோட்டீஸில் அச்சடிக்க நன்றாக இருக்கும்.

"மாத்திரையாவது ஒழுங்கா போடு, முடிஞ்சா நட" என்றேன். அவ்வளவுதான். கால் பேச்சை எடுக்கவில்லை. எதற்கு வீணாக வாய் வலிக்க? நடந்தால்தானே செருப்பு.

ஒரு நல்ல சேதி. போன வருஷமெல்லாம் பாதம் எரிகிறது என்று பக்கெட் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது அந்த எரிச்சல் இல்லையாம். "பாத்தியா, தானா சரியாப் பூட்ச்சு" என்றார். அப்பாடா என்றிருந்தது.

14 ஜூலை, ஞாயிறு

திவ்யாவுக்கு லீவு. மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து ஞாயிறு ஒருநாள்தான் பெண் முகம் பார்க்கிறேன். நைனாவின் தட்டிலிருந்து சோற்றில் பாதியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இவர் வாயே திறக்கவில்லை. நான் எடுத்திருந்தால் தட்டு பறந்திருக்கும்.

"நைனாவால முடியும்மா. நீதான் அவரு முடியாது முடியாதுன்னு சொல்லிக்கினே கீறே" என்கிறாள். நேற்றுப் பிறந்தவள். "நீ நடக்கறியாம்மா? உன் பிரஷர் எவ்ளோ?" என்று வேறு. பதினாலு வீடு ஏறி இறங்குகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? என் பிரஷரை நான் பார்த்து ஏழெட்டு மாதம் இருக்கும். அதை அவளிடம் சொல்லவில்லை.

கரையில் இன்று ஒரே கூத்து. இவரோடு படகில் போகிற முத்துராஜ் கெளுத்தி முள்ளை மிதித்துவிட்டான். மீனைத் தரம் பிரிக்கும்போது முள்ளை ஒடித்து மணலில் எறிந்துவிடுகிறார்கள், எத்தனை சொன்னாலும். தடித்தடியாக வளர்ந்த ஆள், ஆத்தா அம்மா என்று கத்திய கத்தலில் கோயில் வரைக்கும் கூட்டம் கூடிவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் அப்படித்தான், விஷக் கடுப்பு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அனுப்பினேன்.

19 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கங்கையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் கையில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டியிருக்கிறார். எதற்கு என்றேன். "சும்மா, ஆத்தாளுக்கு" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "இன்னிலேருந்து நடக்கலாம்னு கீறேன்" என்றார்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. "கயிறு அறுந்து வுழறதுக்குள்ள நடை நின்னுடும், பாரு" என்றேன். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனார்.

20 ஜூலை

பஸ் ஸ்டாப்பில் நின்ற பயல்கள், "இன்னா மாமா, பஸ்ஸை வுட்டுட்டியா, நடந்தே பொன்னேரி போறியா?" என்று ஓட்டினார்களாம். வந்து உம்மென்று உட்கார்ந்தார். சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ரெண்டே நாள்.

23 ஜூலை, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணி. "நடந்துட்டு வரேன்" என்று குரல் மட்டும் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் செருப்பு வாசலில் இருக்கிறது.

எங்கள் குப்பத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ரோட்டுக்குப் போகிறவன் செருப்பு போட்டுப் போவான். கடற்கரைக்குப் போகிறவன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். கோயிலைத் தாண்டி மணலில் இறங்கினால் அது ஆத்தா மண், வலையும் படகும் இருக்கிற இடம், செருப்புக்கால் ஆகாது. ஆக, வாசலில் செருப்பு இருந்தால் ஆள் கரையில். கரையில் சாயங்காலம் என்ன நடக்கும்? படகு மறைவில் சீட்டும் பாட்டிலும். நடையாம் நடை! யாரை டபாய்க்கிறார்?

கேட்கவில்லை. கேட்டால் சண்டை. எக்கேடும் கெட்டுப் போ.

30 ஜூலை

செருப்பு வாசலில்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. பத்து நாளைக்கு மேலாக வாசனை எதுவும் வரவில்லை இவரிடம். காப்புக் கட்டியிருப்பதால் அடக்கி வாசிக்கிறார். கயிறு கழன்றதும் பழைய கதைதான், எத்தனை மாலை பார்த்தவள் நான்.

நடை மட்டும் "போறேன், போறேன்". செருப்பைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சர்க்கரை 168.

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் காலாவதியாகியிருக்கும் என்று புது டப்பாவை உடைத்துப் பார்த்தேன். 171. "சாப்ட்டியா இல்லியா?" என்றேன். "சாப்ட்டேனே" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை பேப்பர் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி. "மெஷின் சரியில்ல" என்று சொல்லிப் பையில் போட்டேன்.

இப்போது எழுதும்போது ஒரு மாதிரி இருக்கிறது. நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார்.

18 ஆகஸ்ட்

"நைனா மெலிஞ்சுட்டாரும்மா" என்றாள் திவ்யா. ஆடிக் காற்றில் யார்தான் மெலியவில்லை என்றேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி

340! மெஷின் அன்றைக்குப் பொய் சொன்னது, இன்றைக்கு உண்மை சொல்லிவிட்டது.

முத்துராஜ் வலை தைக்க வந்து உட்கார்ந்திருந்தான். அவன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை, பிடித்துக்கொண்டேன். "யாருக்கு நாடகம் ஆடறே? ஊரே நடக்குது, உன்னால ஒரு மாசம் முடியல. செருப்பு வாசல்ல கெடக்குது, நீ கரையில கெடக்கறே. சாவற வரைக்கும் நீ இப்படித்தான்யா!"

முத்துராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவர் கையைக் காட்டி அடக்கினார். பிறகு மெல்ல, "இன்னும் பன்னெண்டு நாளு கீது லோகா" என்றார்.

என்ன பன்னிரண்டு நாள்? எதற்குப் பன்னிரண்டு நாள்? வழக்கமாகத் தட்டை எறிகிறவர் இன்று ஒன்றும் எறியவில்லை. எழுந்து போய்விட்டார். நடை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. ஊற்றிக்கொண்டிருப்பார்.

26 ஆகஸ்ட், திங்கள்

இவருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். படகுக்குப் போகவில்லை. மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்லிவிட்டு வீடுகளுக்குப் போனேன். ஐந்தரைக்குத் திரும்பினால் படுக்கை காலி. காய்ச்சலோடும் சீட்டாடப் போக வேண்டுமா?

27 ஆகஸ்ட்

பொன்னேரியிலிருந்து ஆம்புலன்ஸில் சென்னைக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

காலையில் வீட்டில் ஒரு நாற்றம். மீன் குப்பத்தில் நாற்றம் ஒரு சேதியா? கருவாட்டுக் கூடையை வெளியே வைத்தேன். போகவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது பாதத்தில் ஈ மொய்த்தது. விரட்டினேன். மறுபடி வந்தது. குனிந்து உள்ளங்காலைத் திருப்பினேன்.

கருப்பாக ஒரு குழி. சுற்றிலும் வீங்கி, பச்சையாக... நோட்டீஸில் இருக்கிற படம். நான் வீடு வீடாகக் காட்டுகிற அதே படம்.

"வலிக்கலியா மாமா? வலிக்கலியா?" என்று கத்தினேன்.

"வலிச்சா சொல்லமாட்டனா?" என்றார்.

உள்ளங்கால் முழுக்கக் கிளிஞ்சல் கிழித்த கோடுகள். மணல் ஒட்டியிருந்தது. நடந்த கால். ஐயோ, நடந்திருக்கார். இந்த மனுசன் டெய்லி நடந்திருக்கார். வெறுங்கால்ல. அதான் செருப்பு வாசல்ல. நான் இன்னா பண்ணிட்டேன்? நான் இன்னா பண்ணிட்டேன்?

29 ஆகஸ்ட், வியாழன்

காலைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். உள்ளேயிருந்து எடுத்ததை டாக்டர் ஒரு தட்டில் போட்டுக் காட்டினார். கெளுத்தி முள். சுண்டுவிரல் நீளம். பத்துப் பதினைந்து நாளாக உள்ளே இருந்திருக்கும் என்றார். முத்துராஜை ஊரைக் கூட்டி அலறவைத்த அதே முள். இவர் அதன்மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார், ஒரு சத்தம் இல்லாமல். அந்த எரிச்சல் தானாகச் சரியாகவில்லை, கால் மரத்துப்போயிருந்தது.

சர்க்கரை 340 ஏறியதும் சீழ் வைத்ததால்தானாம். நான் திருடனைப் பிடித்த மாதிரி குதித்தேனே அன்றைக்கு.

கட்டு மாற்ற வந்த நர்ஸ், சின்னப் பெண், இவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஏம்ப்பா, சர்க்கரை இருக்கிறவங்க செருப்பு போடணும், தினமும் பாதத்தைப் பார்க்கணும்னு உங்க ஊர்ல யாரும் சொல்லலையா? வீட்டுக்கு வந்து பார்க்கிறவங்க இருப்பாங்களே?"

என் பை மடியில் இருந்தது. அதற்குள் என் அடையாள அட்டை, கண்ணாடி, நோட்டீஸ் கட்டு.

"சொன்னாங்கம்மா. பல தபா சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றார் இவர்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

30 ஆகஸ்ட்

வலது கால். முழங்காலுக்குக் கீழே.

3 செப்டம்பர், செவ்வாய்

முத்துராஜ் பார்க்க வந்தான். வெளியே டீக்கடையில் நின்று சொன்னான். ரோட்டில் பயல்கள் கிண்டல் செய்ததிலிருந்து இவர் மணலில் இறங்கிவிட்டாராம். முகத்துவாரம் வரைக்கும் போய்த் திரும்புவது. ஒரு நாள் விடவில்லை. "மணல்லயும் செருப்பு போட்டுக்கினு நட அண்ணேன்னேன். காப்புக் கட்டிக்கினு ஆத்தா மண்ணுல செருப்பான்னாரு அண்ணி. ஒரு மண்டலம் வேண்டுதல்."

மண்டலம். நாற்பத்தெட்டு நாள். ஜூலை பத்தொன்பதிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். நான் கத்திய அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தாறு. மீதி பன்னிரண்டு.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணி. குப்பத்துக்கே தெரியுமே" என்றான்.

குப்பத்துக்கே தெரியும். எனக்குத் தெரியாது. வாசலைப் பார்த்தேனே தவிர, ஒருநாள் கோயில் வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. நூறடி இருக்குமா?

4 செப்டம்பர்

இன்று நாற்பத்தெட்டாவது நாள் ஆகியிருக்கும்.

15 செப்டம்பர், ஞாயிறு

வீட்டுக்கு வந்து நாலு நாள். திவ்யா சமைக்கிறாள், நான் கட்டு மாற்றுகிறேன். இன்று அவள் கடைக்குப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு பேருக்குச் சொன்ன கால் பேச்சை உனக்கு மட்டும் சொல்லவில்லை. நீ நடக்கமாட்டாய் என்று நினைத்தேன். அதனால் சொல்லவில்லை. வேலைப் பளு இல்லை, மறதி இல்லை. நீ மாறமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன் மாமா, அவ்வளவுதான்.

"நீ சொல்லியிருந்தாலும் செருப்பு போட்டிருக்கமாட்டேன்" என்றார். "காப்புக் கட்டிக்கினு ஆத்தா மண்ணுல எப்படிப் போடறது?"

நிஜமா, எனக்காகச் சொல்லும் பொய்யா? கேட்கப் பயமாக இருக்கிறது.

பிறகு அவரே, "ரங்கம்மா வூட்டு வாசல்ல அன்னிக்கு நீ சொன்னியே, இந்த ஜென்மத்துல மாறாதுன்னு. நான் பின்னால வலையைத் தூக்கிக்கினு வந்துக்கினு இருந்தேன். ஒரு மண்டலம் முடிச்சிட்டு உன்கிட்ட வந்து நிக்கணும்னு இருந்துச்சு" என்றார்.

எழுந்து பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்று அழுதேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

2 அக்டோபர், புதன்

வேலையை விடுகிறேன் என்று பிலோமினா சிஸ்டரிடம் பையைக் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. அது ஒரு வகையில் நன்றாக இருந்தது. "பையை எடுத்துட்டுப் போ லோகநாயகி. உன் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒரு கால் இருக்கு" என்றார்.

11 அக்டோபர், வெள்ளி

இன்னொரு கால் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் இனி எல்லாம். ஆனால் இவர் ஒத்துழைக்கவில்லை. கம்பு ஊன்றி எழுந்து நிற்கச் சொல்லி, தொடைக்குப் பயிற்சி சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள் ஆஸ்பத்திரியில். தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார்.

"எங்க நைனா மாதிரியே ஆயிட்டேன் பாத்தியா. நீ சொன்னதுதான் சரி. மாறணும்னு பாத்தேன், ஆண்டவன் இப்படி மாத்தி வச்சிட்டான்" என்கிறார். கோபமில்லாமல் சொல்கிறார். கோபமாகச் சொன்னால் பதிலுக்குக் கத்தலாம்.

நான் சொன்னது சரி என்று இந்த மனுஷன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் ஏங்கியிருக்கிறேன். இப்படியா?

24 அக்டோபர்

இன்று ஒன்பது வீடு. ஒருத்தரும் நடக்கவில்லை. யாரைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ரங்கம்மாள் பெரியம்மாதான் வெளிப்படையாகச் சொன்னது: "நடந்துதானேடி உன் புருசன் துளசிங்கத்துக்குக் கால் போச்சு? பேசாம வூட்ல கெடந்திருந்தா கால் இருந்திருக்கும். நான் நடக்கமாட்டேம்மா. ஆளை வுடு."

பெரியம்மாவுக்கு 310.

நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பேசினால் எதைப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைப் பேசினால் இந்தக் குப்பத்தில் அப்புறம் எந்த முகத்தோடு நடப்பது?

8 நவம்பர், வெள்ளி

பெரியம்மா காலில் ஒரு கொப்புளம். சின்னதுதான்.

அங்கேயே, அந்த வாசலிலேயே, சொன்னேன். நாலைந்து பொம்பளைகள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நடந்ததால போகல பெரிம்மா. வெறுங்கால்ல நடந்ததால போச்சு. வெறுங்கால்ல நடக்காதேன்னு நான் சொல்லாததால போச்சு. உங்க எல்லாருக்கும் சொன்னேன், என் புருசனுக்குச் சொல்லல. அது நடக்காது, மாறாதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். நடந்து நடந்து சர்க்கரையை நூத்தி அறுபத்தெட்டுக்குக் கொண்டாந்தான் அந்த மனுசன். அதையும் மெஷின் கோளாறுன்னேன்."

பெரியம்மா காலை நீட்டி, "சரி, கண்ணாடியை எடு" என்றது.

அதற்கப்புறம் போன வீட்டிலும் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பழகும் என்று நினைக்கவில்லை.

10 நவம்பர்

ரங்கம்மாள் பெரியம்மா வீட்டுக்கு வந்து இவரோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. செருப்பு போட்டு நடந்தே வந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

11 நவம்பர்

தலையணைக்கடியில் இருந்த தாள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. சோற்றுப் பருக்கையால். யார் ஒட்டியது என்று திவ்யாவும் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

19 டிசம்பர், வியாழன்

நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. சில நாள் பயிற்சி செய்கிறார். சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். முத்துராஜ் படகு போகிற சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். முகத்துவாரத்துப் பக்கம் இந்த வருஷம் வெள்ளை இறால் நல்ல பாடு, வலை நிறைய வருகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இல்லாத காலில் விரல் அரிக்கிறது என்கிறார். பாதம் எரிகிறதாம். இருந்தபோது தெரியாத வலியெல்லாம் போனபிறகு வருகிறது அவருக்கு. நான் போர்வையின்மேல் அந்த இடத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நின்றுவிட்டது என்பார். நிஜமாக நிற்கிறதா, தெரியாது.

என் பிரஷரைப் பார்த்தேன். 164/100. நோட்டில் பிரஷர்காரர்கள் பக்கத்தில் என் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

6 பிப்ரவரி 2025, வியாழன்

செயற்கைக் கால் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். "படகு மாதிரி கீது, திரும்பவே மாட்டேங்குது" என்றார். ஆறு மாதத்தில் முதல் கிண்டல். திவ்யா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒம்போது நாளு மீதி கீது" என்றார். காய்ச்சலோடு எழுந்து போனாரே, அது முப்பத்தொன்பதாவது நாள்.

எனக்கு முதலில் உள்ளே என்ன ஓடியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். எத்தனை நாளைக்கு, என்றுதான் ஓடியது. புத்தி அங்கேதான் போய் நிற்கிறது இன்னும். இவர் மாறினாரே, நான் மாறினேனா?

"வெள்ளிக்கெழம ஆரம்பி. நானும் வரேன்" என்றேன்.

"நீயா? நடக்கவா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். நான் சிரித்தது இல்லையா?

21 பிப்ரவரி, வெள்ளி

பழவேற்காட்டில் வாங்கிய வார் வைத்த செருப்பு, ரெண்டு ஜோடி. இவர் காலுக்கு நான்தான் மாட்டினேன். இடது காலுக்கும், கட்டைக் காலுக்கும்.

கோயில் வரைக்கும் வருவதற்கே வியர்த்துவிட்டது இவருக்கு. மணல் தொடங்குகிற இடத்தில் நின்று, கம்பை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து செருப்பைக் கழற்றப் பார்த்தார். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். இதுவரைக்கும் செருப்போடு யாரும் அங்கே இறங்கியதில்லை.

நான் கீழே உட்கார்ந்து அவர் கையை விலக்கி, வாரை இன்னும் ஒரு துளை இழுத்து மாட்டினேன்.

"ஆத்தா கோச்சிக்கப் போறா" என்றார்.

"கோச்சிக்கட்டும். நான் பேசிக்கறேன்" என்றேன்.

முத்துராஜ் எழுந்து எங்கள் வழியில் கிடந்த வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டான். முதல் படகு வரைக்கும் போனோம். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கமே கொஞ்சநேரம் பார்த்தார். "இன்னிக்கு இம்மாந்தான்" என்றார். திரும்பினோம்.

நாற்பதாவது நாள்.

வீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து இடது பாதத்தைப் பார்த்தேன். விரலிடுக்கு, குதிகால், ஓரம். கீறல் இல்லை. பிறகு அதே கண்ணாடியில் என் பாதத்தையும் பார்த்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்து செருப்புகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். நாலிலும் மணல் இருந்தது.